இரைப்பை அறுவைக்குப் பின் ஸ்பா விடுதியில் நான்கு நாள்: முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

ஸ்பா விடுதியின் வரவேற்பறையில் நுழைந்ததும் குளிர்ந்த ஈரத்துண்டு ஒன்றையும், உயரமான கண்ணாடிக் குவளையில் தேனும் இஞ்சியும் எலுமிச்சையும் கலந்த பானத்தையும் கையில் கொடுப்பார்கள். மற்ற விருந்தினர்களுக்கு அது உபசாரம். இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு ஒன்பது வாரமே ஆகியிருந்த எனக்கு, அந்தக் குவளைதான் அங்கே சந்தித்த முதல் சிக்கல். ஒரே மடக்கில் பாதியைக் குடித்திருந்தால் நெஞ்சை அடைத்திருக்கும். மெல்ல மெல்ல முழுவதையும் குடித்திருந்தால், அதிலிருந்த தேன் கால் மணி நேரத்தில் படபடப்பையும் வியர்வையையும் கொண்டுவந்திருக்கக்கூடும். குவளையை வாங்கி, நன்றி சொல்லி, பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து ஒரு மிடறு குடித்தேன். உடன் வந்த அக்கா என் பங்கையும் சேர்த்துக் குடித்து முடித்தார்.

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, வீட்டில் சில வாரம் அடைபட்டுக் கிடந்தபின், கடற்கரையோரமாக எங்கேனும் நான்கு நாள் ஓய்வெடுக்கலாம் என்று எண்ணுகிற சிங்கப்பூர்த் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த எண்ணம் நல்லதே. ஆனால், ஸ்பா விடுதிகளின் அட்டவணை முழுவதும் உடலிலிருந்து எதையாவது வெளியேற்றுவதையே நோக்கமாகக் கொண்டிருக்கிறது: வியர்வை, கழிவு, கொழுப்பு. நமக்கோ தண்ணீரையும் புரதத்தையும் உள்ளே செலுத்துவதுதான் அன்றாடப் பெரும்பாடு. ஆகவே, விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது எண்ணெய்த் தேய்ப்பு அறையின் படங்களைப் பார்த்து மயங்காமல், அதன் சமையலறை எப்படிப்பட்டது என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். கீழே வரும் யோசனைகள் யாவும் இதை ஒட்டியவைதாம்.

எப்போது போகலாம்

இந்த அறுவை சிகிச்சை பெரும்பாலும் வயிற்றில் சில சிறு துளைகள் இட்டு, லேப்ராஸ்கோப்பி முறையில் செய்யப்படுகிறது. இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வெளிக்காயம் சிறிதாக இருப்பதால் உள்ளேயும் ஏதோ சிறிய வேலைதான் நடந்திருக்கிறது என்று நாமே நம்பிவிடுகிறோம். ஸ்லீவ் எனப்படும் முறையில் இரைப்பையின் ஏறக்குறைய 80 விழுக்காடு நீளவாக்கில் வெட்டி அகற்றப்பட்டு, எஞ்சிய பகுதி ஒரு வாழைப்பழ வடிவத்தில் குறுகிய குழாயாக மூடப்படுகிறது. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் முட்டையளவு பை ஒன்று உருவாக்கப்பட்டு, அது சிறுகுடலோடு நேரடியாக இணைக்கப்படுகிறது. வெட்டி இணைத்த இடம் கசிந்துவிடும் ஆபத்து முதல் சில வாரங்களில்தான் அதிகம். காலில் ரத்தம் உறைந்து கட்டியாவதும் அந்தக் காலத்தில்தான் மருத்துவர்களைக் கவலைப்பட வைக்கிறது.

உணவும் படிப்படியாகத்தான் மாறும். முதல் இரண்டு வாரம் திரவம், அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு, அதன்பின் மிருதுவான உணவு, ஆறு முதல் எட்டு வாரத்தில் ஓரளவு வழக்கமான உணவு என்பது பொதுவான வரிசை. மருத்துவமனைக்கு மருத்துவமனை சில நாள்கள் முன்பின் ஆகலாம். மசித்த உணவு நிலையில் இருக்கும்போது விடுதிக்குப் போனால், மிக்சியைத் தேடி அலைவதிலேயே விடுமுறை கழிந்துவிடும். எனவே என் கணிப்பில் எட்டாவது வாரத்துக்கு முன் வெளியூர் விடுதி வேண்டாம். சிங்கப்பூருக்குள்ளேயே, செந்தோசாவில் ஓரிரவு தங்குவதாக இருந்தால், அறுவை மருத்துவர் சம்மதித்தபின் நான்காவது வாரத்துக்குப் பிறகு யோசிக்கலாம். எதுவாக இருந்தாலும், மறுபரிசோதனைக்குப் போய் மருத்துவரிடம் பேசிய பிறகே முன்பணம் கட்டுங்கள். மருத்துவ விடுப்பு முடிவதற்குள் போய்வந்துவிடலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு அலுவலகத்துக்குப் பொருந்தும், வயிற்றுக்குப் பொருந்தாது.

பணம் பற்றி ஒரு வரி: மருத்துவக் காரணத்துக்காகச் செய்யப்படும் இந்த அறுவை சிகிச்சைக்கு மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்பு, மெடிஷீல்டு லைஃப் எனும் தேசிய மருத்துவக் காப்புறுதி ஆகியவற்றிலிருந்து வரம்புக்குட்பட்டுப் பணம் கோரலாம், விடுதிச் செலவுக்கு அவற்றிலிருந்து ஒரு காசும் எடுக்க முடியாது.

எங்கே போவது

நம்மவர்கள் பெரும்பாலும் நினைப்பது மூன்று திசைகளை: படகேறி இந்தோனேசியத் தீவுகளான பிந்தான் அல்லது பாத்தாம், மலேசியாவில் ஜொகூரின் டெசாரு, ஆயுர்வேதத்துக்காகக் கேரளம்.

தானா மேரா படகு முனையத்திலிருந்து பிந்தான் கடற்கரை விடுதிகளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லை. நமக்கோ, கடல் அலையால் வரும் குமட்டலும் வாந்தியும் சாதாரணச் சங்கடம் அல்ல. புதிதாகத் தைத்த இரைப்பைக்கு வாந்தி ஒரு வீண் சுமை, அதோடு அன்றைய தண்ணீர்க் கணக்கும் போய்விடும். நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்தக் கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்பதால், அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. படகில் கீழ்த்தளத்தின் நடுப்பகுதியில் அமர்ந்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும். குமட்டல் மாத்திரை வேண்டுமா என்று புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பிந்தானும் பாத்தாமும் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியவை என்பதை மாத்திரை நேரத்துக்காக நினைவில் வைத்துக்கொள்ளவும்.

கேரளம் என்றால் நான்கு மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார வேண்டும். அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களில் நீண்ட நேரம் அசையாமல் உட்காருவது ரத்தக் கட்டிக்கு இடம் கொடுக்கும். எட்டு வாரம் கடந்த பிறகும் மணிக்கொரு முறை எழுந்து நடப்பதும், மருத்துவர் சொன்னால் இறுக்கமான காலுறை அணிவதும் தேவை. கேரளத்தைப் பற்றிய பெரிய கேள்வி விமானம் அல்ல, அங்கே அளிக்கப்படும் சிகிச்சை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இவை எதுவும் வேண்டாம் என்று தோன்றினால் அதிலும் குறையில்லை. செம்பவாங் வெந்நீரூற்றுப் பூங்காவில், காயங்கள் ஆறியபின், காலை நனைத்துக்கொண்டு ஒரு காலைப் பொழுதைக் கழிப்பதும் ஓய்வுதான். கையோடு முட்டை கொண்டுபோனால் அங்கேயே வெந்நீரில் வேகவைத்துக்கொள்ளலாம். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் மட்டும் காலை வைக்குமுன் வேறொருவரைக் கொண்டு சூட்டைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

பதிவு செய்வதற்கு முன் கேட்க வேண்டியவை

தொலைபேசியில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ‘ஆகட்டும்’ என்பார்கள். மின்னஞ்சலில் எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். நான் எழுதியபோது, ‘எங்களிடம் குறைந்த கலோரி உணவுப் பட்டியல் உண்டு’ என்று பதில் வந்தது. அதை நம்பிப் போனதுதான் என் தவறு. குறைந்த கலோரி என்பது நம் தேவை அன்று. அது தானாகவே நடக்கிறது, ஏனெனில் ஒரு வேளைக்குக் கால் கோப்பை முதல் அரைக் கோப்பைக்கு மேல் உள்ளே போகாது. அந்தச் சிறு அளவுக்குள் நாள் ஒன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதத்தை எப்படி அடக்குவது என்பதே கேள்வி.

ஆகவே இப்படிக் கேளுங்கள்: முட்டை, மீன், தௌகுவா எனும் கெட்டி டோஃபு, பருப்பு ஆகியவற்றை எண்ணெயும் சர்க்கரையும் மிளகாயும் குறைத்துச் சிறு கிண்ண அளவில் சமைத்துத் தருவீர்களா? உணவு நேரத்துக்கு வெளியிலும், நாளுக்கு ஐந்தாறு முறை, அது கிடைக்குமா? அறையில் குளிர்பதனப் பெட்டியும் கெட்டிலும் உண்டா? பழச்சாறு விரதம், சுத்திகரிப்பு போன்ற நிகழ்ச்சிகள் கட்டணத்தோடு கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவையா, அல்லது விலக்கிக்கொள்ளலாமா? ஸ்கேன் வசதியும் அறுவை மருத்துவரும் உள்ள மருத்துவமனை எத்தனை நிமிடத் தொலைவில் இருக்கிறது? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் தராத விடுதியை நான் மறுபடி யோசிக்க மாட்டேன்.

பயணக் காப்புறுதியும் இந்தக் கட்டத்திலேயே பார்க்க வேண்டியது. ஏற்கெனவே உள்ள உடல்நிலையால் வரும் செலவைப் பல காப்புறுதிகள் ஏற்பதில்லை. அண்மையில் அறுவை செய்துகொண்டதைத் தெரிவித்து, எது சேரும் எது சேராது என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பெட்டியில் வைக்க வேண்டியவை

முதலில் பெட்டியே சிறியதாக இருக்கட்டும். அறுவைக்குப் பின் ஆறு வாரம் வரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்பதே பெரும்பாலோருக்குச் சொல்லப்படும் அறிவுரை. அதன்பிறகும் படகுப் படிக்கட்டில் பெட்டியைத் தூக்கும் வேலையைத் துணைக்கு வந்தவரிடம் விடலாம்.

மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஒன்று கைப்பையில் இருக்க வேண்டும். எந்த நாளில், எந்த வகை அறுவை செய்யப்பட்டது என்பது அதில் இருக்கும். மாத்திரைகளை வாரப் பெட்டியில் பிரித்து வைத்தாலும், மருந்துச் சீட்டையும் அசல் உறைகளையும் உடன் கொண்டுபோவது எல்லையில் கேள்விகளைக் குறைக்கும். சத்து மாத்திரைகளை விடுமுறை என்று விட்டுவிடக் கூடாது. கால்சியமும் இரும்புச்சத்தும் ஒன்றையொன்று தடுப்பதால் இடையில் இரண்டு மணி நேரமாவது வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைக் கோப்பியோடும் தேநீரோடும் விழுங்கினால் பயன் குறைந்துபோகும்.

தலைவலி, மூட்டுவலி என்றால் பாரசிட்டமால் போதும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள் இரைப்பையில் புண் உண்டாக்கக் கூடியவை, பைபாஸ் செய்தவர்களுக்கு மிக ஆபத்தானவை. விடுதியின் முதலுதவிப் பெட்டியிலிருந்து யாரேனும் நல்லெண்ணத்தோடு எடுத்துக் கொடுப்பதை விழுங்கிவிடாதீர்கள். ரத்த அழுத்தக் கருவியும், நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை அளக்கும் கருவியும் அவசியம். எடை குறையக் குறைய பழைய அளவு மாத்திரை அதிகமாகிப்போகும், ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4.0 மில்லிமோலுக்குக் கீழ் இறங்குவதும், எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவதும் இக்காலத்தில் பலருக்கும் நேர்கிறது.

இவற்றோடு, மாத்திரைக் கடையில் கிடைக்கும் 30 மி.லி. அளவுக் குப்பி ஒன்று, குழந்தைகளுக்கு ஊட்டும் சிறு கரண்டி ஒன்று, புரத மாவு. அவ்வளவுதான்.

ஒரு சிறிய அட்டையையும் எழுதி வைத்துக்கொண்டேன். ‘எனக்கு இரைப்பை அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. சிறிதளவே சாப்பிட முடியும். சர்க்கரை, தேன், சோடா, மது வேண்டாம்’ என்று ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் மறுபக்கம் மலாயிலும். இங்கே காப்பிக்கடையில் ‘கோப்பி ஓ கோசோங்’ என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாத கறுப்புக் கோப்பி வந்துவிடும். இந்தோனேசியாவில் ‘கோசோங்’ என்பதை அப்படிப் புரிந்துகொள்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அங்கே ‘தன்பா குலா’ என்று சொல்ல வேண்டும். சர்க்கரையில்லாத வெறும் தேநீர் வேண்டுமென்றால் ‘தே தாவார்’.

சேர்ந்த நாள் முதல்: தண்ணீரும் உணவும்

அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலை தண்ணீர்க் கணக்கைத் தொடங்குவது. நாள் ஒன்றுக்கு ஒன்றரை லிட்டராவது குடிக்க வேண்டும். ஆனால் மடமடவென்று குடிக்க முடியாது. கால் மணிக்கு ஒரு 30 மி.லி. குப்பி என்று வைத்தால் ஒரு மணி நேரத்தில் 120 மி.லி., விழித்திருக்கும் பதினான்கு மணி நேரத்தில் 1,680 மி.லி. சாப்பிடும்போதும், சாப்பிட்டபின் அரை மணி நேரமும் குடிக்கக் கூடாது என்பதால் அதிலிருந்தும் ஒரு பகுதி கழிந்துவிடும். அதாவது, கணக்கில் உபரி என்று எதுவும் இல்லை. கடற்கரை வெயிலில் ஒரு மணி நேரம் மறந்து உட்கார்ந்துவிட்டால் அன்று இரவு வரை ஈடுகட்ட முடியாது. அறுவைக்குப் பின் மறுபடி மருத்துவமனைக்குத் திரும்ப வைக்கும் காரணங்களில் நீரிழப்பும் வாந்தியும் முன்னணியில் இருப்பவை. சிறுநீரின் நிறம் கோப்பி ஓ பக்கம் போகத் தொடங்கினால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் குப்பியைக் கையில் எடுக்க வேண்டும்.

இளநீர் குடிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதிலும் சர்க்கரை உண்டு. மருத்துவக் குழு தடுக்கவில்லையென்றால் இரண்டு மூன்று குப்பி, மெதுவாக. உறிஞ்சுகுழாய் வேண்டாம், காற்றும் சேர்ந்து உள்ளே போய் வயிற்றை உப்ப வைக்கும்.

இனி உணவு. முதல் நாள் இரவு எங்கள் மேசைக்கு வந்தது பூசணிக்காய் சூப். கிண்ணம் அழகாக இருந்தது, மேலே தேங்காய்ப்பால் ஒரு சுழியாக ஊற்றப்பட்டிருந்தது. புரதம் ஏறக்குறைய இல்லை. நான் இரண்டு கரண்டியோடு நிறுத்திவிட்டுப் புரத மாவைக் கரைத்துக் குடித்துப் படுத்தேன். மறுநாள் காலை அக்கா நேரே சமையலறை வாசலுக்குப் போய், அங்கிருந்த மூத்த சமையல்கார அம்மாவை ‘இபு’ என்று அழைத்து, தேக்காவில் மீன்காரரிடம் பேசிப் பழகிய மலாயில், கையால் கிண்ண அளவு காட்டி விளக்கினார். அரை மணியில் அந்த அம்மா தாமே தட்டை ஏந்தி வந்தார். இரண்டு முட்டையை மீன் வேகவைத்த தெளிந்த சாற்றில் அடித்து, மூடி போட்டு ஆவியில் வேகவைத்திருந்தார். கரண்டி பட்டதும் தயிர்போல் பிளந்தது. பன்னிரண்டு கிராம் புரதம். அதைச் சாப்பிட எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று, பாதி நேரம் அவர் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மீதி மூன்று நாளும் அவருடைய சமையல்தான். விடுதியின் உணவுப் பட்டியலை நாங்கள் அப்புறம் திறக்கவே இல்லை.

தட்டில் எது முதலில் என்பதற்கு ஒரே விதி: புரதம் முதலில், காய் அடுத்து, இடம் மீந்தால் சோறு. நம் வீட்டுப் பழக்கத்துக்கு இது தலைகீழ். இட்லி மிருதுவானது என்பதால் நமக்கு ஏற்றது என்று தோன்றும், ஆனால் ஒரு சிறிய இட்லியில் இரண்டு கிராம் அளவுக்கே புரதம். ரசமும் கஞ்சியும் அதைவிட மோசம். சைவர்கள் பருப்பைக் கெட்டியாக மசித்தும், தௌகுவா, பனீர், கெட்டித் தயிர் ஆகியவற்றைக் கேட்டு வாங்கியும் சமாளிக்க வேண்டும். அப்படியும் குறையும் என்பதால் புரத மாவை அவர்கள் கட்டாயம் எடுத்துச் செல்லட்டும். ஒவ்வொரு வாயையும் இருபது முப்பது முறை மென்று விழுங்குங்கள். ரொட்டியோ உலர்ந்த கோழியோ நெஞ்சில் அடைத்துக்கொண்டால், தண்ணீர் ஊற்றித் தள்ள முயலாதீர்கள். அது இன்னும் வலிக்கும். எழுந்து மெதுவாக நடந்தால் பெரும்பாலும் தானாக இறங்கும் அல்லது வெளியே வந்துவிடும்.

பஃபே மேசையருகில் நிற்பது மனத்துக்கும் நல்லதில்லை, பணத்துக்கும் நல்லதில்லை. மூன்று வேளை உணவோடு சேர்த்த கட்டணத்தை வாங்காமல், அறைக்கு மட்டும் பணம் கட்டி, வேண்டியதைத் தனியாகக் கேட்பது மலிவு.

எந்தச் சிகிச்சைக்குத் தலையாட்டுவது

விடுதியின் சிகிச்சைப் பட்டியல் கையில் வரும்போது, அதில் பத்துக்கு ஏழு சிகிச்சைகளைக் கோடிட்டு நீக்க நேரும் என்ற மனநிலையோடு வாங்குங்கள்.

சானா, நீராவி அறை, சூட்டுப் போர்வை, சூடான கல் ஆகியவை முதலில் போக வேண்டியவை. அங்கே அரை லிட்டர் வியர்த்தால் மற்றவர்கள் ஒரு பெரிய குவளைத் தண்ணீரில் சரிசெய்துவிடுவார்கள். நம் குப்பிக் கணக்கில் அது நான்கு மணி நேர வேலை. சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்குவதால், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மயக்கம் வரும். ‘ஐந்து நிமிடம்தானே, சும்மா உட்காருங்கள்’ என்று பணியாளர் பெண் சொன்னதைக் கேட்டு நான் நீராவி அறைக்குள் உட்கார்ந்தேன். நான்காவது நிமிடம் சுவர் சாய்வதுபோல் இருந்தது. கதவைத் திறந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அளந்து பார்த்தபோது மேல் அழுத்தம் 88. அன்று மாலை முழுவதும் படுக்கையில் குப்பியோடு கழிந்தது.

வெந்நீர்த் தொட்டி, ஜக்கூஸி, நீச்சல் குளம், கடல் ஆகியவற்றில் இறங்குவது துளைக் காயங்கள் யாவும் முழுதாக மூடி, பொருக்கு உதிர்ந்து, மருத்துவரும் பார்த்துச் சம்மதித்த பிறகுதான். எட்டு வாரத்தில் பெரும்பாலோருக்கு அது நிறைவேறியிருக்கும். அப்போதும் வெந்நீர்த் தொட்டியில் நெடுநேரம் கிடப்பதைவிடச் சாதாரணக் குளத்தில் நிதானமாக நடப்பதே மேல். மூட்டுகளுக்கும் அது இதமானது.

எண்ணெய்த் தேய்ப்பில் தோள், கழுத்து, தலை, கை, பாதம் ஆகியவற்றை மென்மையாகப் பிடித்துவிடச் சொல்லலாம். வயிற்றுப் பக்கம் கை வைக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். குப்புறப் படுக்கச் சொல்வார்கள். ஒருக்களித்துப் படுத்தோ நாற்காலியில் அமர்ந்தோ செய்துகொள்ளலாம். கெண்டைக்காலை அழுத்திப் பிசைவதைத் தவிர்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் அது தேய்த்துவிட வேண்டிய வலி அன்று, மருத்துவரிடம் ஓட வேண்டிய வலி.

ஆயுர்வேத விடுதிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நம் குடும்பங்களில் அதற்கு மறுப்பே கிடையாது. பஞ்சகர்மத்தின் அங்கங்களில் வமனம் என்பது வாந்தி எடுக்க வைப்பது, விரேசனம் பேதிக்குக் கொடுப்பது, வஸ்தி ஆசனவாய் வழியாக மருந்து செலுத்துவது. அவற்றுக்கு முன்னோட்டமாக நாள்தோறும் மருந்து நெய்யைக் குடிக்க வைப்பதும் உண்டு. தைத்த இரைப்பையோடு, தண்ணீருக்கே தட்டுப்பாடாக இருக்கும் உடலில், இவற்றில் எதுவும் கூடாது. மரபு மருத்துவத்தைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். இரைப்பை முழுதாக உள்ள உடலுக்காக வகுத்த முறைகளை, பெரும்பகுதி அகற்றப்பட்ட உடலில் செய்து பார்ப்பது சரியில்லை என்பதே என் வாதம். இலேகியம், கஷாயம், பஸ்பம் என எது கொடுத்தாலும், மருத்துவமனைக் குழுவுக்குத் தெரியாமல் விழுங்காதீர்கள்; இலேகியம் பாதிக்குப் பாதி சர்க்கரைப்பாகு, பஸ்பங்களில் உலோகம் இருக்கும். தலையில் எண்ணெய் ஒழுக்கும் சிரோதாரை மட்டும் மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக் கிடப்பதற்கு ஒரு நல்ல சாக்கு.

பெருங்குடல் கழுவுதல், பழச்சாறு விரதம், தொப்பையைக் கரைக்கும் கருவிகள் ஆகியவற்றுக்கு விளக்கமே தேவையில்லை, வேண்டாம்.

யோகாசன வகுப்புக்குப் போகலாம், ஆனால் கபாலபாதி, நௌலி, வயிற்றின்மேல் படுத்துச் செய்யும் புஜங்காசனம், தனுராசனம் ஆகியவை தொடங்கும்போது எழுந்து உட்கார்ந்துகொள்ளுங்கள். மூச்சுப் பயிற்சியும் நடையும் தடையில்லை. காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் கடலோரம் நடப்பதைவிட அந்த விடுதியில் எனக்கு அதிகம் பயன்பட்ட சிகிச்சை வேறில்லை, அதற்குக் கட்டணமும் இல்லை.

குளியலறையில் எடைக்கருவி இருந்தால் அதை அலமாரிக்குள் தள்ளிவிடலாம். தொடக்க வாரங்களில் வேகமாக இறங்கிய எடை இடையில் சில நாள்கள் நகராமல் நிற்பது எல்லோருக்கும் நேர்வது. விடுதியில் இருக்கும் நாள்களில் அது நேர்ந்தால், சும்மா ஒரு சானா போகலாமே என்று கை தானாகப் பட்டியலைத் தேடும். கொத்துக் கொத்தாக முடி உதிர்வதும் மூன்றாம் மாதத்தையொட்டித் தொடங்கக்கூடும். விடுதிக் கடையின் விலையுயர்ந்த கூந்தல் தைலம் அதை நிறுத்தாது. பெரும்பாலும் சில மாதங்களில் தானே அடங்கும், புரதமும் சத்து மாத்திரையும் தவறாமல் இருந்தால்.

உடனே கிளம்ப வேண்டிய நிலைகள்

ஓய்வாக இருக்கும்போதே நாடித் துடிப்பு 120-ஐத் தாண்டுவது, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குறையாத வயிற்றுவலி, இடது தோள்பட்டையில் புதிதாக வலி, மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, கறுப்பு மலம், ஒரு கால் மட்டும் வீக்கம்: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். அரை நாளுக்கு மேல் தண்ணீர்கூட உள்ளே தங்காமல் வாந்தியாகிக்கொண்டிருந்தால் அதுவும் அவசரம்தான். வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் தயமின் எனும் உயிர்ச்சத்து தீர்ந்துபோய், பார்வை இரட்டையாகத் தெரிவதும் நடை தள்ளாடுவதும் தொடங்கும். அது நிரந்தரப் பாதிப்பாக மாறக்கூடியது. சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே கடுமையாக வலித்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். வேகமாக எடை குறைபவர்களுக்கு அது உருவாவது சகஜம்.

சிங்கப்பூருக்குள் இருந்தால் 995. தீவில் இருந்தால் விடுதி வரவேற்பறை வழியாக அருகிலுள்ள மருத்துவமனைக்கு. உடன் வந்தவர் செய்ய வேண்டியவை மூன்று. டிஸ்சார்ஜ் சம்மரியை முதலில் நீட்டி, எந்த வகை இரைப்பை அறுவை என்பதைச் சொல்ல வேண்டும். மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட முயன்றால், தைத்த இரைப்பை என்பதை நினைவூட்டி, அறுவை மருத்துவரோடு பேசிவிட்டுச் செய்யும்படி கேட்க வேண்டும். சிங்கப்பூரில் அறுவை செய்த குழுவின் எண்ணை அங்குள்ள மருத்துவரிடம் கொடுத்து, இருவரையும் நேரடியாகப் பேச வைக்க வேண்டும். அந்த எண்ணைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் அட்டையிலும் எழுதி வையுங்கள். எங்கள் அறையில் முதல் இரண்டு நாளும் சமிக்ஞையே கிடைக்கவில்லை. சிங்கப்பூருக்குக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை, சேர்ந்த அன்றே கேட்டு, அதே அட்டையின் அடியில் அக்கா பென்சிலால் குறித்து வைத்திருந்தார்.